ஆறு மூட்டை ஆப்பிள்

கடலுக்குப் போவோமென்று மே மாதமே சொல்லிவைத்தோம்.
ஜூனில் உக்னேவுக்குக் கைப்பந்து முகாம்.
ஜூலையில் காரின் கிளட்ச்.
ஆகஸ்டில் மருந்துக்கடையில் என்னோடு நிற்கும் யுர்காவுக்குப் பிரசவம்,
அவள் ஷிஃப்டும் என் தலையில்.
கடல் எங்கேயும் ஓடிவிடாது என்றான் வைதோதஸ்.

செப்டம்பர் முதல் ஞாயிறு என்று நாள் குறித்தோம்.
ஒட்டுக்கேட்டது மாதிரி
முந்தின வாரமே மரங்கள் இரண்டும் உதிர்க்கத் தொடங்கின.
டொப்.
சற்று விட்டு, டொப்.
படுத்தபடியே எண்ணினேன்,
நாற்பத்து மூன்றில் தூங்கிப்போனேன்.

அழுகவிட மனமில்லை.
அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கலாமென்றால்
அவர்களே வாளியோடு நம் வாசலில் நிற்கிறார்கள்.
போகிற வழியில், தெல்ஷே தாண்டி,
சாறு பிழியும் ஆலை ஒன்று இருக்கிறதாம்.
அரைமணி வேலை, என்றான்.
டிக்கியில் நான்கு மூட்டை, பிள்ளைகளின் காலடியில் இரண்டு.
யோரிஸ் மூட்டைமேல் கால்நீட்டி
ராஜா மாதிரி வந்தான்.

ஆலை வாசலில்
எங்களுக்கு முன்னால் இருபத்தாறு கார்கள்.
எல்லாம் பின்பக்கம் தாழ்ந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு.
திரும்பிவிடலாமா என்று நான் கேட்கவில்லை.
அவனும் கேட்கவில்லை.
பின்னால் இன்னும் நான்கு கார் வந்து நின்று
அந்தப் பேச்சை முடித்துவைத்தன.

முதல் ஒருமணி நேரம் கோபத்தில் போயிற்று.
பிறகு பின்னல் பையை எடுத்தேன்.
பிப்ரவரியில் ஒற்றைக் காலுறையை முடித்ததோடு சரி,
அதன் ஜோடி பாதியில் கிடந்தது.
குதிகால் வளைகிற இடம்.
ஒரு கண்ணி தப்பினாலும்
பிரித்துத்தான் ஆகவேண்டும்.

வைதோதஸ் வேலிக்கம்பத்தில் ஏரியல் கம்பியைக் கட்டினான்.
வீட்டில் மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு
உருகுவேயோடு பேசுகிறவன்.
சாப்பிட வா என்றால் மட்டும் காதில் விழாது.
இங்கே கதவில்லை.
பக்கத்துக் கார்க்காரர் வந்தார், அவர் மனைவி, அவர்கள் நாய்,
கடைசியில் உக்னே, ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு.
கொரகொரப்புக்குள்ளிருந்து யாரோ
தங்கள் ஊரில் மழை என்றார்.
எங்கள் ஊரில் ஆப்பிள், என்றாள்.
அந்தப் பக்கம் கொஞ்சநேரம் வெறும் இரைச்சல்.
பிறகு, எவ்வளவு, என்று கேட்டது குரல்.
அப்பனும் மகளும் சேர்ந்து சிரித்து
எத்தனை நாளாயிற்று.

யோரிஸ் நம்பர் பிளேட் சேர்க்கிறவன்.
லாத்வியா இரண்டு, போலந்து ஒன்று.
ஒரு நார்வே வண்டி:
அதை மட்டும் தொட்டுப்பார்த்துவிட்டு வந்து எழுதினான்.

கடற்கரைக்கென்று கட்டியதை பானட்டின்மேல் பரப்பினோம்.
கம்பு ரொட்டி, புகையூட்டிய மீன், உப்பிலிட்ட வெள்ளரி.
யாரோ சீஸ் நீட்டினார்கள்.
வரிசை நகரும்போது எஞ்சினைப் போடாமல்
காரைத் தள்ளினோம்,
ரொட்டி விழாதபடி.

ஐந்தேமுக்காலுக்கு எங்கள் முறை.
தண்ணீரில் குதித்து, அரைபட்டு, பிழிபட்டு
எழுபது லிட்டர்.
பதினான்கு அட்டைப்பெட்டிகள், எல்லாமே கைசுடுகிற சூடு.
யோரிஸ் ஒன்றைக் கட்டிக்கொண்டே தூங்கிவிட்டான்.

வீட்டுக்கா, என்றேன்.
மேற்கே திரும்பும் விளக்கை
ஏற்கெனவே போட்டிருந்தான்.

பலாங்காவில் இருட்டிவிட்டது.
கடலைப் பார்க்கவில்லை,
கேட்டோம்.
உக்னே செருப்போடு இறங்கிவிட்டாள்.
யோரிஸ் கண்ணைக் கசக்கி, இதுவா, என்றான்,
ஓரமாய்ப் போய் மணலில் ஒன்றுக்கிருந்தான்.
பன்னிரண்டு நிமிடம்.
நாளை எட்டுமணிக்கு நான்தான் கடை திறக்கவேண்டும்.

திரும்பும் வழியில் விரலால் தடவி எண்ணியே
குதிகாலைத் தாண்டிவிட்டேன்.
வீடு சேர நடுராத்திரி.
கடைசிப் பெட்டியை இறக்கி, முதுகை நிமிர்த்தினோம்.

டொப்.

அவன் என்னைப் பார்த்தான்.
எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று
வாசல் விளக்கை அணைத்தேன்.